சிவப்பு முனை எந்தப் பக்கம்

1. பெட்டி

வெள்ளிக்கிழமை கமிட்டி. அதற்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை மத்தியானம், என் பெட்டியின் லட்சணம் எனக்குத் தெரிந்தது.

எழுபதுகளின் கடைசி அது. டெல்லியில் ஒரு பாலிடெக்னிக்கில் எனக்கு வேலை. பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்கும்படி அறிவியல் சாமான்களை ஒரு மரப்பெட்டியில் அடுக்கி, செய்முறைக் கார்டுகள் எழுதி, பள்ளிகளுக்குக் கொண்டுபோய், வாத்தியார்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். கோஆர்டினேட்டர் என்று பதவிக்குப் பெயர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவனும் நான்தான்.

முதலில் ஐந்து பள்ளிகளில் ட்ரையல். நன்றாக வந்தால் நகரத்துப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பெட்டி போகும். கமிட்டி உதட்டைப் பிதுக்கினால் எங்கள் பிரிவையே மூடிவிடுவார்கள் என்று பேச்சு. இரண்டு வருஷம் நாயாக அலைந்து செய்த பெட்டி. தூக்கிக் குப்பையில் போட மனசு வருமா?

சாமான்களைவிடக் கார்டுகளில்தான் எனக்குக் கர்வம் அதிகம். நான்கு பள்ளிகளுக்கு இந்திக் கார்டு. ஐந்தாவது தமிழ்வழிப் பள்ளி. அதற்கான கார்டுகளை சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து நானே அழகாக எழுதினேன். ஏழாம் கார்டு காந்தம். காந்தத்தின் நடுவில் நூல் கட்டித் தொங்கவிடு, ஆட்டம் நிற்கும்வரை பொறு, சிவப்பு முனை எந்தத் திசையில் நிற்கிறது என்று பார்த்து எழுது. இதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே ஒரு கோடு போட்டு, 'முடிவு: சிவப்பு முனை வடக்கு நோக்கி நிற்கும்' என்றும் எழுதிவைத்தேன். பிள்ளைகள் தடுமாறக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான்.

2. புதன்கிழமை

நான்கு பள்ளிகளின் நோட்டுகள் வந்துவிட்டன. எல்லாரும் வடக்கு என்று எழுதியிருந்தார்கள். நான் மிதந்துகொண்டிருந்தேன். மிச்ச நோட்டுகளை வாங்கத் தமிழ்ப் பள்ளிக்குப் போனேன்.

ஆறாம் வகுப்பு கோமதி டீச்சர் திருநெல்வேலிக்காரர். நாற்பது நோட்டையும் அடுக்கி வைத்திருந்தார். மேலே ஒன்றைத் தனியாக எடுத்து, "எல்லாப் பிள்ளேளும் சரியா எழுதிருக்கு சார். இவ ஒருத்திதான் மானத்த வாங்கிட்டா" என்றார்.

சுதா என்ற பெண்ணின் நோட்டு. அதில் எழுத்தே இல்லை, படம்தான். நூலில் தொங்கும் காந்தம், பக்கத்தில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடத்துத் தண்ணீர் டேங்க். காந்தத்தின் சிவப்பு முனை டேங்கைப் பார்த்து நின்றது. டேங்க் இருப்பது தெற்கே. முதல் கார்டின்படி காலையில் சூரியனைப் பார்த்து நின்று, வகுப்புத் தரையில் நாலு திசையையும் சாக்பீஸால் பிள்ளைகளே குறித்திருந்தார்கள். படத்தின் மேல் டீச்சர் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்.

போன மாதம்வரை அந்தப் பெண் இந்திப் பள்ளியில் படித்தவளாம். தமிழ் பேசுவாளே தவிர வாசிக்க வராதாம். கூப்பிட்டு விசாரித்தோம். அவள் அழவில்லை, முறைத்துக்கொண்டுதான் நின்றாள்.

"நான் நிஜமாவே பாத்தேன் சார். லால்வாலா அந்த டங்கி பக்கம்தான் நின்னுச்சு." சிவப்பு முனையும் தண்ணீர் டேங்கும் அவள் வாயில் இந்தியாகத்தான் வந்தன.

சரி, குழந்தைக்குக் காட்டிக் கொடுப்போம் என்று பெரிய மனுஷத்தனமாக ஒரு காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டேன். அது சுற்றிச் சுற்றி ஆடி அடங்கியது. சிவப்பு முனை டேங்கைப் பார்த்தது. இரும்பு மேஜை இழுக்கிறது என்று சொல்லி வராந்தாவுக்குப் போனேன். அங்கேயும் டேங்க் பக்கம். பெட்டியிலிருந்த எட்டு காந்தமும் அப்படியே நின்றன.

"என்ன சார் இது?" என்றார் டீச்சர், மெல்ல.

மற்ற முப்பத்தொன்பது நோட்டையும் புரட்டினேன். ஒவ்வொன்றிலும் என் வாக்கியம், ஒரு புள்ளி பிசகாமல். காந்தம் கண்ணெதிரே தெற்கைக் காட்டிக்கொண்டிருக்க, பிள்ளைகள் குனிந்து என் கார்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கார்டு வாசிக்கத் தெரியாதவள் மட்டும் காந்தத்தைப் பார்த்திருக்கிறாள்.

3. என் டிக்

காந்தங்களை எங்கள் ஒர்க்‌ஷாப்பில்தான் செய்தோம். இரும்புப் பட்டையைக் கம்பி சுற்றிய காயிலுக்குள் நுழைத்துக் கரண்ட் விட்டு, ஒரு முனைக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்க வேண்டும். மெக்கானிக் ராம்லால் தினமும் முதல் காந்தத்தை வாசல் ஆணியில் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுவார். அவர் மகள் கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார். ஜல்தியாக முடிக்க வேண்டுமே என்று நான் உட்கார்ந்தேன். நடுவில் ஃப்யூஸ் போயிற்று. வயரைக் கழற்றி மாட்டியபோது இடவலம் மாறிவிட்டது. அதற்குப் பிறகு செய்த காந்தங்களில் முனைகளும் மாறிவிட்டன. செக்கிங் ஷீட்டில் 'முனை பார்த்தாயிற்று' என்ற கட்டங்களில் டீ குடித்துக்கொண்டே வரிசையாக டிக் போட்டேன். ஒரு காந்தத்தைக்கூடத் தொங்கவிடவில்லை. பிள்ளைகள் செய்ததைத்தான் நானும் செய்திருந்தேன்.

வியாழக்கிழமை பிரின்சிபாலிடம் சொன்னேன். பஞ்சாபிக்காரர், நல்ல மனுஷர். சிரித்தார். பெயின்ட்தானே, மாற்றி அடித்துவிடு, கமிட்டியில் இதையெல்லாம் கிளறாதே, உன் வேலைக்கே உலை வைத்துக்கொள்ளாதே என்றார். பெயின்ட் மாற்ற நாலு நாள் போதும். அந்த முப்பத்தொன்பது நோட்டுக்கு எதை அடிப்பது?

வெள்ளிக்கிழமை கமிட்டி மேஜைமேல் நோட்டுகளையும் சுதாவின் படத்தையும் வைத்தேன். ஜன்னல் சட்டம் மரம்தான், இரும்பு இழுக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது; அதில் காந்தத்தைத் தொங்கவிட்டேன். சிவப்பு முனை தெற்கே போய் நின்றது. ஓர் அம்மாள் மட்டும் கேட்டார், அப்படியானால் இந்தப் பெட்டியால் பிள்ளைகள் என்னதான் கற்றுக்கொண்டார்கள் என்று. என்னைப் பார்த்துக் காப்பியடிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்றேன். பெட்டியை ஒரு வருஷம் நிறுத்திவைத்தார்கள். பிரிவை மூடவில்லை. பிரின்சிபால் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

4. சனிக்கிழமை

மறுநாள் பள்ளிக்குப் போனேன். கோமதி டீச்சர் வகுப்பு முன்னாலேயே சுதாவின் நோட்டை வாங்கித் தன் பெருக்கல் குறியை அடித்து, 'சரி' என்று எழுதினார். "நீ வரஞ்சதுதான் சரி ளா. நாங்கதான் பாக்கல" என்றார். அப்படிச் சொல்கிற டீச்சர்களை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்த்ததில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அவர்மேல் மரியாதை பொங்குகிறது.

சுதா நோட்டை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அச்சா சார், அந்தக் கார்டுல என்னதான் எழுதியிருந்துச்சு?"

அவளுக்கு அதுவரை யாரும் வாசித்துக் காட்டவே இல்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று. "எழுத வேண்டாதத எழுதிட்டேம்மா" என்றேன்.

அடுத்த வருஷம் பெட்டி ஊர் முழுக்கப் போனது. ராம்லால் ஒவ்வொரு காந்தத்தையும் தொங்கவிட்டுப் பார்த்துதான் அனுப்பினார். கார்டுகளின் கீழ்ப்பாதியை வெள்ளையாக விட்டிருந்தேன். பாதிக் கார்டு அச்சாகவில்லை, வேறு அனுப்பவும் என்று ஒரு வாத்தியார் கோபமாகக் கடிதம் போட்டார். அச்சில் பிழை இல்லை, அந்த இடம் பிள்ளைகளுக்கு என்று பதில் எழுதினேன்.