அடுப்படிக்கு ஆகாத உடம்பு

பின்வாசல் கல்லில் தைலம்மாள் களைக்கொத்துகளைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று அவளுடையது, இன்னொன்று மருமகள் கோகிலவாணியுடையது. அந்த மருமகள் கல்லுக்கு அந்தப் பக்கம் சாக்கை விரித்து, முழங்காலை வயிற்றோடு இறுக்கிக்கொண்டு கிடந்தாள்.

"எந்திரிடி. ஆளுங்க கிளம்பிட்டாங்க."

"முடியல அத்த. தொடையெல்லாம் இழுக்குது. வாந்தி வேற."

"ஒனக்கு மட்டும் வயித்த தங்கத்துல பண்ணி வச்சிக்கீதா? ஊர்ல எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான?"

வடக்கனந்தல் பக்கம் கரும்புக்குக் களையெடுக்கும் பெண்கள் கூட்டத்துக்குத் தைலம்மாள்தான் தலைவி. வலி என்று சொல்கிறவளைக் கண்டால் அவளுக்கு ஆகாது. மகன் ஜெயப்பிரகாஷ் பிறந்த அன்று காலைவரை நாற்று நட்டதைக் கேட்காதவர்களுக்கும் சொல்வாள், உலகத்தில் வேறு எவளும் பிள்ளை பெறாததுபோல. முந்தானையில் மெடிக்கலில் வாங்கிய வெள்ளை மாத்திரையை முடிந்து வைத்திருப்பாள். முனகுகிறவளுக்கு ஒன்று கொடுத்துக் காட்டுக்குள் விரட்டுவாள். அதோடு வைத்தியம் முடிந்தது.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. தூரமான நாட்களில் மருமகள் அடுப்படிக்குள் வரக் கூடாது, குடத்தைத் தொடக் கூடாது. தட்டு தனி, படுக்கை பின்பக்கம். ஆனால் களையெடுக்கப் போகலாம். அடுப்படிக்கு ஆகாத உடம்பு கரும்புக்காட்டுக்கு மட்டும் ஆகும். இதில் கோணல் இருப்பதாகத் தைலம்மாளுக்குத் தோன்றியதில்லை. மகனுக்கும் தோன்றியதில்லை. அவனுக்கு எதுவும் தோன்றுவதே குறைவு.

வலி கோகிலவாணிக்குக் கல்யாணத்துக்கு முன்பே உண்டு. கல்யாணமானால் சரியாகிவிடும் என்றார்கள் பிறந்த வீட்டில். பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்றாள் மாமியார். பிள்ளையும் பிறக்கவில்லை, வலியும் வருஷத்துக்கு வருஷம் ஏறியது. இரண்டுக்கும் திட்டு வாங்கியவள் அவள்தான்.

அன்றும் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனாள். வெயில் ஏறுவதற்குள் மயங்கிக் காய்ந்த கரும்புச் சோகைமேல் விழுந்தாள். கூட வந்த பெண்கள் தலைவியின் பேச்சை முதல்முறையாகக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஆட்டோ பிடித்தார்கள். தைலம்மாளும் ஏறிக்கொண்டாள். கொத்து வேலையிலிருந்த ஜெயப்பிரகாஷ் சிமெண்ட் கையோடு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தான்.

"எத்தனை வருஷமா இப்படி வலிக்குது?" டாக்டரம்மா கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சூட்டு ஒடம்பு" என்றாள் தைலம்மாள்.

"வலி உங்களுக்கா அவங்களுக்கா? அவங்க சொல்லட்டும்."

கோகிலவாணி சொன்னாள். வயசுக்கு வந்து கொஞ்ச நாளிலிருந்தே வலிக்கிறது. இப்போது தூரமாவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. மாத்திரைக்கு அடங்குவதில்லை. அந்த நாட்களில் வெளிக்குப் போனாலும் வலி. பிறகு கணவனைப் பார்க்காமல், குரலை இறக்கி, அவனோடு சேரும்போதும் வலிக்கிறது என்றாள். ஜெயப்பிரகாஷ் தரையைப் பார்த்தான். இது அவனுக்குப் புதுச் செய்தி.

"லேசா வலிச்சா மாத்திரை, வெந்நீர் ஒத்தடத்துக்கு அடங்கணும்" என்றார் டாக்டரம்மா. "அடங்காம வேலையைக் கெடுக்கிற வலி, வருஷாவருஷம் ஏறுற வலி, மயக்கம், கட்டி கட்டியா ரத்தப்போக்கு, இதுல எது இருந்தாலும் உடனே காட்டணும். கர்ப்பப்பைக்குள்ள இருக்கிற சவ்வு மாதிரியே சிலருக்கு வெளியிலயும் வளரும். இவங்களுக்கு அதுவா இருக்கலாம். ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். அதுல தெரியலன்னாலும் வலி பொய்னு ஆயிடாது. வலியைக் குறைக்க மருந்து இருக்கு."

"புள்ள பொறந்தா போயிடுமேங்க?" தைலம்மாள் விடவில்லை.

"பிள்ளை நிக்காததுக்கே இது காரணமா இருக்கலாம்மா. நீங்க எதை மருந்துன்னு காத்துக்கினு இருந்தீங்களோ, அதைத்தான் இந்த நோய் தடுத்துக்கினு இருக்குதோ என்னமோ."



டாக்டரம்மா அடுத்த படுக்கைக்கு நகர்ந்ததும் தைலம்மாள் மகனிடம் திரும்பினாள். "கேட்டியாடா? இன்னா இன்னாவோ சொல்லுது. நாங்கல்லாம் ஸ்கேன் எடுத்தா பெத்தோம்?"

"எம்மா, சும்மா இரும்மா" என்றான் ஜெயப்பிரகாஷ். கல்யாணமான நாளிலிருந்து மனைவிக்காக அவன் பேசியது அவ்வளவுதான். அதற்கே அவனுக்கு வியர்த்துவிட்டது.

நர்ஸ் சீட்டை நீட்டி, ஸ்கேன் அறை எதிர்ப்பக்கம் என்றாள். கோகிலவாணி கட்டிலிலிருந்து காலைக் கீழே ஊன்றினாள்.

"இத்தப் பாரு" என்றாள் தைலம்மாள். "களையெடுக்க வர்றோம்னு மேட்டுக்காட்டுக் கரும்புக்காரருக்குச் சொல்லிட்டேன். ஒரு ஆளு கம்மியானா வேற கூட்டத்தக் கூப்புட்டுக்குவாரு. நாளைக்கு வருவியா மாட்டியா, அத்தச் சொல்லிட்டுப் போடி."

கோகிலவாணி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் சீட்டோடு, மாமியாரைத் தாண்டி அறையை விட்டு வெளியே போனாள்.