கிடங்கு நாயின் நிறம்

பின்னங்கால்கள் இரண்டும் இன்னும் தொட்டிக்கு வெளியேதான் இருந்தன.

"அமுக்குடி."

"நீ அமுக்கு. என்னையே பாக்குது, பாவமா."

கன்னியப்பன் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு நாயை மறுபடி தூக்கினான். அவன் மனைவி சுந்தரி அதன் காதுகளைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை நாய் முழுதாக இறங்கியது. இறங்கியதும் சண்டையை விட்டுவிட்டு, கல்தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்து பாலாற்றுப் பக்கம் பார்த்தது.

தொட்டியில் இருந்தது ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீர். தோல் ஷாப்பில் தோலைப் பதமாக்கி முடித்தபின் வெளியே விடுகிற பழைய தண்ணீர். கன்னியப்பன் அதை மண்குடத்தில் எடுத்து வந்திருந்தான். சேற்றுப்புண் வந்தால் ஷாப்பில் எல்லோரும் அதில்தான் காலை வைப்பார்கள், ஆறிவிடும். நாயின் இடுப்பில் சொறி இருந்தது. மனுஷன் காலுக்கு ஆகிறது நாயின் இடுப்புக்கும் ஆகும் என்று கன்னியப்பன் நினைத்தான்.

அவசரத்துக்குக் காரணம் ஒரு தந்தி. ஷாப்பு முதலாளி இஷ்தியாக் அகமது சாயபு ஹஜ் முடித்து பம்பாயில் கப்பல் இறங்கிவிட்டார். மேல்விஷாரத்தில் அவர் வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் விட்டுப்போன வெள்ளை நாயும் அதே போலப் பளிச்சென்று இருக்கவேண்டாமா?

அவருடைய நாய் என்று மட்டும் சொல்லக்கூடாது. வீட்டில் நாய் வளர்க்கிறவர் இல்லை அவர். காவலுக்கென்றால் மார்க்கத்தில் தவறில்லை, ஆகவே அது தோல் கிடங்கின் காவல் நாய். அது யாரைப் பார்த்தும் குரைத்ததில்லை. புறப்படுவதற்கு முன் சாயபுவே அதை ஜட்காவில் ஏற்றி வந்து கன்னியப்பன் வீட்டு வாசலில் இறக்கினார்.

"கிடங்கு நாய்ப்பா. சும்மா கட்டிப்போடு. கெடைச்சதைத் தின்னும்" என்றார். ஜட்காவில் போய் உட்கார்ந்தார். இறங்கி வந்தார். "சோறு ஜாஸ்தி சூடா வெக்காதே. ஆறவெச்சு வெய்யி." மறுபடி போனார். மறுபடி வந்தார். "இடி இடிச்சா பக்கத்துல யாராச்சும் ஒக்காந்திருக்கணும்." கடைசியாக ஒரு மெத்தை இறங்கியது.

"பேரு இன்னா மொதலாளி?"

"கிடங்கு நாய்க்குப் பேரு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு மக்காவுக்குப் போனார்.

சுந்தரி அதை வெள்ளை என்று கூப்பிட்டாள். அது திரும்பிப் பார்க்கவில்லை. சோறு வைத்தால் மட்டும் வந்தது.

ஊருக்குப் போகிறவர்கள் கன்னியப்பனிடம் நாயை விட்டுப்போவது பல வருஷமாக நடக்கிறது. ராணிப்பேட்டை டாக்டரம்மாவின் நாய் ஒருநாள் கட்டறுத்துக்கொண்டு, ஷாப்பிலிருந்து வீடு திரும்பிய கன்னியப்பன் பின்னாலேயே வந்துவிட்டது. அவள் காரில் தேடிக்கொண்டு வந்தபோது அது அவன் காலை நக்கிக்கொண்டிருந்தது. இந்த ஆளிடம் ஏதோ இருக்கிறது என்று அவள் நாலு பேரிடம் சொன்னாள். அதன்பின் என்ஜினீயர் வீட்டு நாய், மில்காரர் வீட்டு நாய் என்று வர ஆரம்பித்தன. கன்னியப்பனும் தன்னிடம் ஏதோ இருப்பதாக நம்பினான். இருந்தது. பச்சைத்தோல் நாற்றம். பஸ்ஸில் அவன் உட்கார்ந்தால் பக்கத்து இடம் காலியாகிவிடும். நாய்கள் அப்படி எழுந்து போவதில்லை. ஷாப்பில் அவனை ஏய் என்று கூப்பிடுவார்கள். டாக்டரம்மா மட்டும் மிஸ்டர் கன்னியப்பன் என்பாள். அதைக் கேட்பதற்காக இன்னும் எத்தனை நாயை வேண்டுமானாலும் குளிப்பாட்டுவான்.

வெயிலில் நாய் காய்ந்தது.

முதலில் பார்த்தது சுந்தரி. "யோவ், இங்க வா" என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

உடம்பு முழுக்க டீ நிறம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கழுத்தைச் சுற்றி மை ஊற்றினதுபோலக் கறுப்பு வளையம். அதிலிருந்து முதுகின் மேல் வளைந்து வளைந்து வால்வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு. சங்கிலி கிடந்த இடமெல்லாம் கறுத்திருந்தது. பட்டைத் தண்ணீரில் இரும்பு பட்டால் கறுத்துவிடும். ஷாப்பில் சேருகிறவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். அதனால்தான் மண்குடம். குடத்தை ஞாபகம் வைத்தவன் சங்கிலியை மறந்துவிட்டான்.

"கழுத்துக்கு டை கட்டி வுட்டிருக்கே. ஆபீசுக்கு அனுப்பு."

"சிரிக்காதடி."

சீயக்காய் போட்டான். எலுமிச்சம்பழம் தேய்த்தான். புளி கரைத்து ஊற்றினான். நாய் புளியை நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தது. கறுப்பு அப்படியே இருந்தது.

"இனிமே ஒருத்தனும் நாயை வுட மாட்டான்" என்றான் கன்னியப்பன்.

"அவருதான் அவரு நாய் இல்லேன்னாரே. அப்புறம் இன்னா பயம்?"

"அவருக்குத்தான் அவரு நாய் இல்லே. எனக்கு அவரு நாய்தான்."

சாயபு வந்து இறங்கிய அன்று அவர் வீட்டில் நிற்க இடமில்லை. ரோஜா மாலைகள் அவர் மூக்குவரைக்கும் ஏறியிருந்தன. கன்னியப்பன் ஷாப்பு ஆட்களோடு வரிசையில் போய்ப் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டான். சாயபு மாலையைக் கீழே தள்ளிவிட்டு அவனைப் பார்த்தார்.

"கிடங்கு நல்லா இருக்குதா?"

"இருக்குது மொதலாளி."

"கிடங்குல மத்ததெல்லாம்?"

"மத்ததும்... இருக்குது."

பின்னாலிருந்தவர்கள் அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் கன்னியப்பன் வீட்டு முன்னால் ஜட்கா நின்றது. "இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்று சாயபு இறங்கினார். இந்தப் பக்கம் ஆற்று மணலைத் தவிர ஒன்றும் கிடையாது.

நாய் அவரைப் பார்த்ததும் கட்டிப்போட்ட முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தது. சாயபு வெள்ளை ஜிப்பாவைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓரடி பின்வாங்கினார். அப்புறம் அங்கேயே நின்றுவிட்டார். கன்னியப்பன் தரையைப் பார்த்தான்.

சாயபு குனிந்தார். விலாவின் முடியைக் கட்டைவிரலால் பிளந்து ஊதிப் பார்த்தார். கறுப்புக் கோட்டை நகத்தால் கீறிப் பார்த்தார். வேலூரில் வாங்க வருகிறவன் தோலைப் பார்ப்பது அப்படித்தான்.

"எந்தத் தொட்டி?"

"கடைசித் தொட்டி மொதலாளி. பழைய தண்ணி."

"சங்கிலி இரும்பு?"

"ஆமா."

அவ்வளவுதான். சாயபு கத்த ஆரம்பித்தார். "ஆவாரம் தண்ணியில இரும்பு படலாமாடா? இத்தினி வருஷமா எங்கிட்ட இன்னா தொழில் கத்துக்கினே? கலர் ஒரு சீரா ஏறவே இல்லை! பேஜார்! இந்தத் தோலை நான் எப்பிடிடா மெட்ராஸுக்கு அனுப்புவேன்?"

"அனுப்ப வேணாம் சாயபு" என்றாள் சுந்தரி. "உசுரோட இருக்குது."

சாயபு நிறுத்தினார்.

"கிடங்கு நாய்தானே" என்று அவள் மெதுவாகத் தொடர்ந்தாள். "இன்னா கலர்ல இருந்தா இன்னா? காவலுக்குத்தானே?"

கன்னியப்பன் அவளை முறைத்தான். சாயபு ஜட்காக்காரனைப் பார்த்தார். அவன் குதிரையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கமாகத்தான் திரும்பி நின்றான். நாய் மண்ணில் உட்கார்ந்து சாயபுவின் செருப்பில் மோவாயை வைத்துக்கொண்டது.

"மோத்தி" என்றார் சாயபு, ரொம்பத் தணிந்த குரலில். நாயின் வால் மண்ணை அடித்தது.

"அப்படின்னா இன்னா சாயபு?"

"முத்து."

மூன்று பேரும் நாயைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது சாயபுதான். உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார். "சொறி ஆறிடுச்சா?" என்று இடுப்பைத் தடவிப் பார்த்தார். ஆறியிருந்தது. மடியிலிருந்து இன்னொரு பேரீச்சம்பழப் பொட்டலம் எடுத்துக் கன்னியப்பனிடம் கொடுத்தார். யாருக்கு என்று சொல்லவில்லை. ஜட்காவின் இருக்கையில் சாயம் ஒட்டாமல் இருக்கச் சுந்தரியின் பழைய புடவை ஒன்றைக் கேட்டு வாங்கி விரித்து, நாயையும் அதன் மெத்தையையும் ஏற்றிக்கொண்டு போனார்.

"ஊரெல்லாம் சொல்லிடுவாரு" என்றான் கன்னியப்பன்.

"இன்னான்னு சொல்வாரு? என் நாய்க்குச் சாயம் போட்டுட்டான்னா?"

மறுநாள் கன்னியப்பன் வேலைக்குப் போனபோது மேஸ்திரி அவனைப் பட்டைத் தொட்டியிலிருந்து சுண்ணாம்புத் தொட்டிக்கு மாற்றினார். முதலாளி உத்தரவு என்றார். சுண்ணாம்பில் எதற்கும் நிறம் ஏறாது. கிடங்கு வாசலில் நாய் மெத்தைமேல் படுத்திருந்தது. கழுத்தில் சங்கிலி இல்லை, கயிறு இருந்தது. மத்தியானம் மழை தூறியது. சாயங்காலம் டாக்டரம்மாவின் வேலைக்காரர் வந்து, அம்மா பெங்களூர் போகிறார், நாயை மிஸ்டர் கன்னியப்பனிடம் விடச் சொன்னார் என்றார். பழைய நாய் செத்து இப்போது வேறு நாய் என்றும் சொன்னார். என்ன நிறம் என்று கன்னியப்பன் கேட்டான். கறுப்பு என்றார். கன்னியப்பன் சரி என்றான்.