முதல் பக்கம் இல்லாத உத்தரவு

ஒடுகத்தூரிலிருந்து தினமும் வண்டியில் மலையேறிப் போய், மேலே ஓர் ஊராட்சியில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். தீர்மானப் புத்தகம் என் பொறுப்பு. மலைக்காரர்களுக்கு நான் கீழே இருந்து வருகிறவன். நன்றாகப் பேசுவார்கள். ஆனால் முக்கியமான பேச்சு வந்தால், நான் வெளியே போகும்வரை காத்திருப்பார்கள்.

அந்த ஊராட்சியில் கீழூர், மேலூர் என்று இரண்டு ஊர்கள், இரண்டும் மலைமேல்தான். வாரச்சந்தை ரோட்டோரத்துக் கீழூரில்தான் நடக்கும். மேலூர்க்காரர்கள் சாமையையும் புளியையும் தலையில் சுமந்து இறங்கி வர வேண்டும். ஒரு கூட்டத்தில் மேலூரின் பெண் உறுப்பினர், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சந்தை தங்கள் ஊர் மைதானத்தில் நடக்கட்டும் என்று கேட்டார். மெம்பரக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். தலைவர் கீழூர்க்காரர். ஆனாலும் முதலில் கை தூக்கியவர் அவர்தான். பிறகு எல்லோரும் தூக்கினார்கள். நான் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

மூன்று வாரம் கழித்துத் தலைவர் ஒரு தாளை என் மேசையில் போட்டார்.

"கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து வந்துக்கீது. தீர்மானத்த நிறுத்தி வெச்சிட்டாங்க. நான் இன்னா பண்றது, சொல்லு?"

ஆட்சியருக்கு அப்படி ஓர் அதிகாரம் உண்டு. பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் சட்டசபை வேண்டாம் என்று தள்ளியதைக்கூடக் கவர்னர் தன் ஒரு கையெழுத்தால் செல்ல வைக்கலாம். உள்ளூர் மன்றங்கள்மேல் கலெக்டருக்கும் அதே மாதிரி ஒரு பிடி இருந்தது. நாடு விடுதலையான பிறகும் அந்தப் பிடி வேறு வார்த்தைகளில் சட்டத்தில் தங்கிவிட்டது என்றார் வகுப்பெடுத்தவர். மனித உயிருக்கு ஆபத்து வரும் என்று தோன்றினால் தீர்மானத்தை நிறுத்தி வைக்கலாம். இந்தத் தாளில், மேலூர்ப் பாதையின் வளைவில் சந்தை வாகனங்களால் விபத்து நேரக்கூடும் என்று எழுதியிருந்தது.

எனக்கு உறுத்தியது அந்த வரிதான். எங்கோ உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு அந்த வளைவைப் பற்றி யார் சொன்னது?

மேலூரில் அந்தக் கேள்விக்கு உடனே விடை கிடைத்துவிட்டது. நான்தான். மறுநாள் டீக்கடைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. மெம்பரக்கா நேராகவே கேட்டார்.

"இன்னா கிளார்க்கு, இப்டி பண்ணிட்டியே?"

"நான் இன்னாக்கா பண்ணேன்?"

"புத்தகம் உன்கிட்ட. காகிதம் எழுதறதும் நீ. கீழ எவன்கிட்டயோ கலந்துக்கினு வளைவு, வண்டின்னு எழுதி அனுப்பிக்கிற. நாங்க படிக்காதவங்கன்னு நெனப்பா?"

சத்தியம் செய்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். அதன்பின் அந்தக் கடையில் யாரும் எனக்கு இடம்விட்டு நகரவில்லை. நானும் என் பங்குக்கு எல்லோரையும் சந்தேகப்பட்டேன். அன்று கையெழுத்துப் போடக் கொஞ்சம் தயங்கிய ஓர் உறுப்பினரை, சந்தையில் மிக்சர் கடை போடுகிறவரை, வழக்கமாகச் சிரிக்கும் பஸ் கண்டக்டர் ஒருநாள் சிரிக்காததால் அவரைக்கூட.

அந்தத் தாளைக் கோப்பில் சேர்க்கும்போதுதான் கவனித்தேன். மூலையில் ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிய இரண்டு ஓட்டைகள். பக்க எண் 2. உத்தரவின் முதல் பக்கத்தில் 'பார்வை' என்று ஒரு பகுதி இருக்கும். எந்தெந்தக் கடிதங்களைப் பார்த்து உத்தரவு போட்டார்கள் என்ற பட்டியல் அது. அந்தப் பக்கமே இல்லை. வந்த அன்றே பார்த்திருக்க வேண்டும்.

தலைவரைக் கேட்டேன். "அவ்ளோதான் வந்துச்சி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் முழு நகல் வாங்கினேன். பார்வையின் இரண்டாவது வரியில் 'ஊராட்சி மன்றத் தலைவரின் கடிதம்' என்று இருந்தது. கூட்டம் நடந்ததற்கு மறுநாள் எழுதிய கடிதம்.

திரும்பி வந்து அதைத் தலைவர் முன்னால் வைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் பேசினார்.

"கீழூர்ல எங்க சனம் கடை வெச்சிக்கீது. மேலூர்ல எனக்கு ஓட்டுக்கீது. நான் வேணாம்னா மூஞ்சில துப்புவாங்க. கலெக்டரு வேணாம்னா யாரு இன்னா கேப்பாங்க? உனக்கு வூடு கீழ. உன்ன ரெண்டு நாள் பேசுவாங்க, அப்புறம் உட்ருவாங்க."

பழி என்மேல் விழும் என்று கடிதம் எழுதும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வந்த கடிதங்களை அடுத்த கூட்டத்தில் வாசிப்பது என் வேலை. முதல் பக்கத்தைப் பார்வையோடு சேர்த்து வாசித்தேன்.

"அந்த ரெண்டாவது வரிய இன்னொரு தபா படி" என்றார் மெம்பரக்கா.

படித்தேன். தலைவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

தடையை நீக்கக் கேட்டு, மன்றத்தின் சார்பில் கலெக்டருக்கு விளக்கம் எழுதி அனுப்பினோம். பதில் வருவதற்குள் சந்தை நாள் வந்துவிட்டது. மேலூர்க்காரர்கள் ஒருவர்கூடக் கீழே இறங்கவில்லை. தங்கள் மைதானத்திலேயே சாக்கு விரித்துச் சரக்கைக் கொட்டினார்கள். கீழூரில் காத்துப் பார்த்த ஒடுகத்தூர் வியாபாரிகள், வளைவில் ஹாரன் அடித்தபடி வண்டியை மேலே ஓட்டிவந்தார்கள். பின்னாலேயே தலைவரும் வந்தார்.

"யார கேட்டுச் சந்த போட்டீங்க?"

"தீர்மானம் போட்டாதானே நிறுத்துவாங்க?" என்றார் மெம்பரக்கா. "நாங்க சாக்குதான் போட்டுக்கிறோம்."

விளக்கத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. சந்தை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மேலூரில் நடக்கிறது. என்மேல் பழி போட்டதற்கு மெம்பரக்கா வருத்தம் எதுவும் சொல்லவில்லை. போன கூட்டத்தில் கையெழுத்துக்குப் புத்தகத்தை நீட்டினேன். பேனாவை வாங்கிக்கொண்டு, "மொதல்ல பூராத்தையும் படி, கேக்கறேன்" என்றார். தலைவரை மட்டுமல்ல, என்னையும் அவர் நம்பவில்லை. நான் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.