கழுதைக்குப் பதிலாக ஒரு சீட்டு

பெரிய அண்ணன் மகளுக்கு ஐந்து வயது முடிந்த அன்று நான் கொடுத்த பரிசு ஒரு சீட்டுக் கட்டு. நானே வெட்டி ஒட்டியது.

அப்போது தி. நகரில் ஒரு ரெடிமேட் கடையில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். சட்டை மடிப்புக்குள் வைக்கும் வெள்ளை அட்டையில் மூலை மடங்கியதைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அதைக் கேட்டு வாங்கிவந்து, குழந்தையின் உள்ளங்கைக்கு அடங்கும்படி வெட்டினேன். மூலை குத்தாமலிருக்க நகவெட்டியால் வளைத்துவிட்டேன். மைதா பசை காய்ச்சி வீட்டு மனிதர்களின் முகங்களை ஒட்டினேன். அவள் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, அவளுடைய மொட்டைத் தலை, காது குத்தி அழுத முகம், எல்லாம் இரண்டிரண்டு. பக்கத்து ஆள் கையிலிருந்து ஒரு சீட்டு உருவ வேண்டும். ஜோடி சேர்ந்தால் கீழே போட வேண்டும். ஜோடியில்லாத சீட்டு ஒன்றே ஒன்று. அதில் ஒரு கழுதை வரைந்திருந்தேன். கடைசியில் கழுதை யார் கையில் இருக்கிறதோ அவர் தோற்றவர்.

மற்றவர்களின் முகத்துக்குப் பஞ்சமில்லை. அண்ணன்களின் கல்யாண ஆல்பங்களில் சேராத படங்கள் ஒரு கவர் நிறைய இருந்தன. அந்தக் கல்யாணங்களில் நான் சாமான் அறைக்குக் காவல் இருந்ததால் எதிலும் நான் இல்லை. மாப்பிள்ளை வீடுகளுக்கு அனுப்பிய என் போட்டோக்களில் திரும்பி வந்தது ஒன்றுதான். அதை ஒட்டினேன். அதற்கு ஜோடியாக, அம்மாவும் நானும் ஸ்டுடியோவில் கன்னத்தோடு கன்னம் வைத்து எடுத்த படத்தை ஒட்டினேன். பிரித்து வெட்ட முடியவில்லை. கடைசியாக நான் தனியாக இருந்த போட்டோவுக்கு வந்தபோது வெள்ளை அட்டை தீர்ந்துபோயிருந்தது. பழைய புடவைப் பெட்டியில் ஒரு துண்டு வெட்டினேன். அதன் பின்புறம் மட்டும் நீலம். என் முகத்துக்கு இது போதும் என்று நினைத்தேன்.

அம்மா போய் வருஷம் திரும்பாததால் பிறந்தநாளுக்கு வெளியாள் யாரையும் கூப்பிடவில்லை. கேக்கும் இல்லை, பாயசம் மட்டும். கோட்டூர்புரத்தில் பெரிய அண்ணன் வீட்டில்தான் எல்லாரும் கூடியிருந்தோம். கூடியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மயிலாப்பூரில் அம்மாவும் நானும் இருந்த போர்ஷனை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். நான் எந்த அண்ணன் வீட்டுக்குப் போவது என்பதை அன்று முடிவு செய்வதாக இருந்தது. காலையிலிருந்து யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. "இந்த ஹால்ல நாலு பேர் படுத்தா அஞ்சாவது ஆள் வாசல்லதான்" என்று பெரிய அண்ணி பொதுவாகச் சொன்னாள். "எங்க வீட்ல எங்கம்மா வந்து உக்காந்துட்டாங்க" என்று சின்ன அண்ணியும் பொதுவாகச் சொன்னாள்.

குழந்தை சீட்டுகளைத் தரையில் பரப்பி, "அத்த, என் மொட்ட" என்று குதித்தாள். பெரிய அண்ணி குனிந்து பார்த்து, அம்மா இருந்த சீட்டை வெடுக்கென்று எடுத்தாள்.

"போனவங்க படத்தையா கால்ல மிதிக்கிற எடத்துல போடுவ? உனக்கு யாரும் எதுவும் சொல்லிக் குடுக்கலயா?"

சீட்டைக் கொண்டுபோய் சாமி அலமாரியில் சாய்த்து, அம்மா நெற்றியில் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரத்தில் ஒரு துண்டைக் கிள்ளி மேலே போட்டாள். பூ என் முகத்துக்கும் சேர்த்து விழுந்தது.

"அப்ப அத்தைக்கு ஜோடி இல்லயே" என்றாள் குழந்தை.

சின்ன அண்ணன் சிரித்தான். "எப்ப இருந்துச்சு? கழுதய எடுத்துடு பாப்பா. அத்தையே போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கழுதையை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, பாயசத்துக்கு முந்திரி வறுக்கப் போனேன். சமையலறைக்குக் கதவு கிடையாது. ஹாலில் ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

முதல் இரண்டு ஆட்டம் விளையாட்டாகத்தான் போனது. "ஐயோ, எங்கிட்ட வந்துட்டா" என்றாள் பெரிய அண்ணி. "உருவு, உருவு, தள்ளிவிடு" என்றான் சின்ன அண்ணன். மூன்றாவது ஆட்டத்துக்குச் சீட்டைப் பிரிக்கும்போது அவனே சொன்னான்: "சரி, இந்த ஆட்டத்துல யார் கையில அத்தை நிக்கிறாளோ, அவங்க கூட்டிட்டுப் போறாங்க. என்ன சொல்ற?"

"ம்" என்றார் பெரிய அண்ணன்.

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. உருவுவதற்கு முன் எதிராளியின் முகத்தைப் பார்த்தார்கள். சீட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். முந்திரி கருகியது. பெரிய அண்ணன் கையில் நிற்க வேண்டும் என்று என்னையும் அறியாமல் வேண்டிக்கொண்டிருந்தேன். கோட்டூர்புரத்திலிருந்து கடைக்கு ஒரே பஸ். குழந்தையும் இங்கே இருந்தாள்.

குழந்தையின் சீட்டும் தீர்ந்துவிட்டது. அவள் போய் அப்பாவின் முதுகில் தொற்றிக்கொண்டு, காதில் சொல்வதாக நினைத்து உரக்கவே சொன்னாள்: "அப்பா, நீலத்தை எடுக்காத. நீலம்தான் அத்த."

அண்ணிகள் ஏற்கெனவே சீட்டு தீர்ந்து ஒதுங்கி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். சின்ன அண்ணன் தன் கையில் மிஞ்சிய இரண்டு சீட்டுகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதைக் காதில் வாங்கவில்லை. பெரிய அண்ணனுக்கு அது நன்றாகக் கேட்டது. அவர் நிமிர்ந்து சமையலறைப் பக்கம் பார்த்தார். நான் அங்கே நிற்பது அவருக்குத் தெரிந்தது. பிறகு கையை நீட்டி, நீலத்தைத் தாண்டி வெள்ளையை உருவினார். ஜோடியைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தட்டினார்.

சின்ன அண்ணன் கையில் நான் மட்டும் இருந்தேன்.

சின்ன அண்ணி வந்து சீட்டைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள். "இது நீலமா இருக்கு. மத்தது எல்லாம் வெள்ள. தெரிஞ்சேதான் ஆடியிருக்கீங்க மாமா. இது அழுகுணி ஆட்டம்."

"யாரும்மா அழுகுணி? ஆட்டத்தை ஆரம்பிச்சது உன் புருஷன்."

"நான் சும்மா தமாஷுக்குச் சொன்னேண்ணா."

"தமாஷுன்னா தமாஷு. எனக்கென்ன."

குரல்கள் ஏறின. பெரிய அண்ணி ஜன்னலைச் சாத்தினாள். திடீரென்று நான்கு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். எந்த விஷயத்திலும் அவர்கள் அவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

"செய்யறது செய்யற, எல்லாத்தையும் ஒரே அட்டையில செய்யக் கூடாதா?" என்றார் பெரிய அண்ணன். "உன்னாலதான் இவ்ளோ பேச்சு."

"அட்ட தீந்துபோச்சுண்ணா" என்றேன்.

ஆட்டம் செல்லாது என்று முடிவானது. நான் பாயசத்தைக் கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே பெரிய அண்ணி, சைதாப்பேட்டையில் வேலைக்குப் போகிற பெண்களுக்கு நல்ல ஹாஸ்டல் ஒன்று இருப்பதாகச் சொன்னாள். சின்ன அண்ணியும் அதைக் கேள்விப்பட்டிருந்தாளாம். சாப்பாடுகூடச் சுமாராக இருக்குமாம்.

கிளம்பும்போது, சாமி அலமாரியிலிருந்த சீட்டைக் கேட்டேன். அம்மாவோடு நான் இருக்கும் படம் வேறு இல்லை. "பூ போட்டதை எடுக்கக் கூடாது" என்றாள் பெரிய அண்ணி. நீலச் சீட்டு பாய் ஓரத்தில் கிடந்தது. அதை யாரும் கேட்கவில்லை. பையில் போட்டுக்கொண்டேன்.

"அத்த, எனக்கு வெள்ளையில வேற செஞ்சு குடு. இது எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு" என்றாள் குழந்தை. சரி என்றேன்.

ஹாஸ்டலில் சேர ஒரு போட்டோ கேட்டார்கள். சீட்டைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தேன். முகம் கிழியாமல் வந்தது. ஆபீஸ் அறையில் இருந்த ஆயா அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள்.

"இன்னா இது, பின்னால நீலமா ஒட்டிகினு கீது?"

"அட்டை" என்றேன்.

"ஒட்னா யாருக்குத் தெரியப் போவுது" என்று சொல்லி, பசையைத் தடவி அழுத்தினாள்.