மிதிக்கக் கூடாத அவல்

என் பெண் ஐந்து வயதில் பாடப்புத்தகம் முழுவதையும் கடகடவென்று வாசித்தாள். பெருமை பிடிபடாமல், அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமா என்று மாமனாரிடம் கேட்கச் சொல்லி என் கணவரைத் தள்ளிவிட்டேன். அப்பா முன்னால் அவர் வாயில் கொழுக்கட்டைதான். எப்படியோ கேட்டுவிட்டார்.

மாமனார் குழந்தையைக் கூப்பிட்டு, புத்தகத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து நீட்டினார். அவள் முதல் பக்கத்து அணிலிலிருந்து ஆரம்பித்தாள். அவர் இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் அதே அணில்தான்.

"இது படிப்பில்லே, கிளிப்பாடம். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று மூடி வைத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தை மேல் என்ன தப்பு? அந்த வீட்டில் எல்லாமே காதால் வருகிற படிப்பு. மாமனார் ஒரு வரி பாசுரம் சொல்வார், அவள் இரண்டு தரம் திருப்பிச் சொல்வாள். அவள் ஏட்டைப் பார்த்துச் சொன்னால்தான் அவருக்குக் கோபம் வரும். அப்படி வளர்ந்தவளுக்கு நான் புத்தகத்தைப் படித்துக் காட்டினால் வேறு என்ன செய்வாள்? போதாததற்கு, எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டில் பெண்களுடைய அடுத்த வருஷம் வந்ததே இல்லை. என் நாத்தனார் இன்றைக்கும் பிறந்தகத்துக் கடுதாசியை யாரையாவது படிக்கச் சொல்லித்தான் கேட்கிறாள். என் பெண்ணுக்கும் அந்தக் கதி வந்துவிடுமோ என்று பயந்தேன்.

புத்தகத்தைப் பரணில் போட்டேன். மலைக்கோட்டைப் பக்கம் என் பிறந்தகத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள் நான். கையில் கோலமாவும் இருந்தது. தினமும் விடியற்காலை வாசலில் கோலம் போட்டுவிட்டு, மிச்ச மாவால் முற்றத்தில் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வார்த்தை எழுதுவேன். கல், பல், பூ, வடை. புத்தகத்தில் இருக்கிற வார்த்தைகளின் பக்கமே போகவில்லை.

முதலில் தவித்துப்போனாள். கல் என்று எழுதினால் அணில் என்பாள். விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொடச் சொன்னால், தொட்டுவிட்டு என் வாயைப் பார்ப்பாள். நான் இறுக்க மூடிக்கொள்வேன். ஒருநாள் அழுதே விட்டாள். இருந்தாலும் சொல்லிக் கொடுக்கவில்லை. கோலத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கிற மாதிரி சேரு என்று மட்டும் சொன்னேன்.

வாசித்து முடித்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். எழுத்து சரஸ்வதி அல்லவா, காலில் படலாமா? அதோடு, மாமனார் காவேரியில் குளித்துவிட்டு வந்து துளசியை வலம் வருவார். அதற்குள் தரை சுத்தமாக இருக்க வேண்டும்.

சில வாரம் கழித்து ஒருநாள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. எழுதியதை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அந்த நேரம் பார்த்து மாமனார் வந்துவிட்டார்.

"தாத்தா, மிதிக்கப்படாது! எழுத்து!"

குழந்தையின் அலறலைக் கேட்டு வெளியே வந்தேன். மாமனார் தூக்கிய காலோடு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூக்குக்கண்ணாடி இல்லை.

"எழுத்தா? கோலம்னா அது."

அவள் குந்தி உட்கார்ந்து விரல் வைத்தாள். "அ... வ..." என் வாயைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தாள். "ல்... அவல்! தாத்தா, அவல்!"

"இது புஸ்தகத்திலே இல்லியே?"

"இல்லே தாத்தா. அம்மா இப்பதான் எழுதினா."

அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஈரத்துணியோடு துடைக்கப் போனேன்.

"துடைக்காதேம்மா" என்றார். அதுவரை என்னிடம் அவர் நேராகப் பேசியதே அபூர்வம். "அவ அப்பன் எழுந்து வந்து பார்க்கட்டும். பார்த்துட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அழைச்சுண்டு போகச் சொல்லு."

அடுக்களைக்குள் போய் அழுதேன். மாமனார் அன்று துளசியை வலம் வரும்போது, அவலையும் சேர்த்துச் சுற்றி வந்தார்.