லாக்கப்பில் ஆடிய கால்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில், பட்டு நூல் விலையேற்றத்தை எதிர்த்துக் காஞ்சிபுரத்தில் மறியல் செய்த நெசவாளர்கள் எட்டுப் பேரை லாக்கப்பில் அடைத்தார்கள். அந்த வீரர்களில் நானும் ஒருவன். தரையில் உட்கார்ந்ததும் என் கால்கள் ஆடத் தொடங்கின.

"இன்னாபா, அதுக்குள்ள நடுங்கிக்கினு கீற?" என்று காவலர் சிரித்தார். தெருவெல்லாம் சொல்லிவிடுவாரே என்று எனக்கு மானம் போயிற்று.

என்னோடு அடைபட்டிருந்த எங்கள் பக்கத்து வீட்டுத் தறிக்காரர் என் கால்களை உற்றுப் பார்த்தார். "நடுக்கம் இல்ல சார். தறியோட மிதிபலகைய மிதிக்கிறான். பொழுதெல்லாம் தறிக்குழியில அடைஞ்சு கெடக்கிற காலு, ஜெயிலு அதுக்குப் புதுசா?" என்றபடி அவரும் மிதிக்க ஆரம்பித்தார். சற்று நேரத்தில் பதினாறு கால்களும் ஒரே தாளத்தில் மிதித்தன. காவலர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

முதல் ஐந்து நிமிடம் அது நடுக்கமேதான். மீதி நேரம் மிதித்ததில் எனக்கு இன்றும் பெருமை.