புளித்த மண்ணில் மூன்று போகம்

ஸ்கூடாயில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபோது எனக்கு நாற்பத்தொன்பது வயது. எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவருக்கு அதே வருடம் முட்டிவலி முற்றி, கிளட்ச் மிதிக்க முடியாமல் போனது. யோங் பெங் பக்கம் மூன்று ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தோம். முன்பு அன்னாசி போட்டிருந்த நிலம். மண் கறுப்பாக, பஞ்சு மாதிரி மெத்தென்றிருந்தது. எதைப் போட்டாலும் விளையும் என்று நம்பி இனிப்புச் சோளம் விதைத்தோம்.

முளைத்தது, முழங்காலைத் தாண்டவில்லை. இலை ஓரமெல்லாம் ஊதாவாகி, பயிர் அப்படியே நின்றுபோனது. உரம் போட்டோம், மறுபடியும் போட்டோம். கடைசியில் விவசாய அலுவலகத்திலிருந்து ஒரு மலாய்ப் பெண் வந்து, மண்ணைத் தண்ணீரில் கரைத்து, ஒரு காகிதப் பட்டையை முக்கிக் காட்டினார்.

“தானா மாசாம், காக்,” என்றார். புளித்த மண், அக்கா என்று அர்த்தம். அந்தப் புளிப்பில் எவ்வளவு உரம் கொட்டினாலும் வேர் எடுத்துக்கொள்ளாதாம். சுண்ணாம்புத் தூளைத் தூவி, மண்ணோடு கலந்து, ஒரு மாதம் ஆறவிட்டு விதைக்கச் சொன்னார். பழைய தட்டைகளை வயலில் விடாமல் அப்புறப்படுத்தவும் சொன்னார். தீ வைக்கக்கூடாது, இந்த மண்ணில் மேலே அணைந்தாலும் அடியில் புகைந்துகொண்டே போகும்.

சுண்ணாம்பு தூவ ஐந்து நாள் ஆனது. முகத்தில் துணி கட்டியிருந்தும் இமை வெளுத்தது, உள்ளங்கை வெடித்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம் தட்டைக் குவியலைப் பார்த்தபடி கணவர் நின்றார்.

“இதையும் தூக்கணுமா? டிராக்டர் விட்டு உள்ளயே மடக்கி உழுதுடலாம்.”

“அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லுச்சே.”

“முட்டி முடியலம்மா.”

எனக்கும் முடியவில்லை என்பதுதான் உண்மை. தட்டையை உழுது மூடினோம். அந்த ஒரு மாதத்தை மட்டும் குறைக்காமல் காத்திருந்து விதைத்தோம்.

இரண்டாம் போகம் பச்சைப்பசேலென்று எழுந்தது. இடுப்பு உயரம் வந்ததும் கணவர் கைப்பேசியில் படம் எடுத்துத் தங்காக்கிலிருக்கும் தன் தங்கைக்கு அனுப்பினார். அந்த வாரம் முழுக்க மழை. மழை விட்டதும் களை எடுக்கப் போனேன். அடியிலைகளில் நீள நீளமாகச் சாம்பல் நிறத் திட்டுகள். விரல் வைத்துத் தேய்த்தேன், போகவில்லை. நான்கு நாளில் அது நடு இலைக்கு ஏறியது. இலைக்கருகல். பழைய தட்டையில் தங்கியிருந்த பூசணம், மழைத்துளி தெறித்துப் புதுப் பயிரில் ஏறியிருந்தது.

எங்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு சீன ஆண்ட்டியின் சோளம். எங்களுடையதைவிட இளம்பயிர். தனியாகவே பயிர் செய்பவர். காற்று எங்கள் பக்கமிருந்துதான் அங்கே வீசும்.

“சொல்லாத,” என்றார் கணவர். “நம்மாலதான் வந்துச்சுன்னு எப்படித் தெரியும்?”

“நமக்குத் தெரியுதுல்ல.”

“சொன்னா அவங்க பயிர் பொழைச்சிடுமா?”

அன்று முழுக்க மருந்து அடித்தோம். மறுநாள் காலை, வாய்க்கால் பலகையைத் தாண்டிப் போனேன். ஆண்ட்டியும் நானும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், தட்டையை உழுதது உட்பட.

ஆண்ட்டி தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “உங்க பயிர்ல போன வாரமே பார்த்துட்டேன். நீ வருவியான்னு பார்த்துட்டிருந்தேன்,” என்றார். தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு, “எனக்கு ரொம்பக் கோபம்தான். வா, முதல்ல ஓரத்து வரிசைங்கள வெட்டலாம்,” என்றார்.

எங்கள் வயலில் வாய்க்காலை ஒட்டியிருந்த எட்டு வரிசைகளை வெட்டினோம். பூ வைக்கத் தொடங்கியிருந்த பயிர். முதல் வரிசையில் கணவர் கலந்துகொள்ளவில்லை, நிழலில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வரிசையின் நடுவில் திரும்பிப் பார்த்தபோது, வெட்டியதைக் கோணியில் திணித்து, நொண்டி நொண்டி ரோட்டோரம் இழுத்துக்கொண்டிருந்தார். ஆண்ட்டியிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் ஆண்ட்டியின் கோணியையும் சேர்த்துத் தூக்கினார். எல்லாவற்றையும் வெளியே சேர்க்க மூன்று நாள் ஆனது.

ஆண்ட்டியின் வயலில் நான்கு வரிசை கருகியது, மற்றது பிழைத்தது. எங்களுக்குக் கிடைத்தவை சிறுத்த கதிர்கள். அவித்து ரோட்டோரத்தில் விற்றோம்.

அதற்கப்புறம் ஒரு போகத்துக்குச் சோளமே போடவில்லை. சர்க்கரைவள்ளி போட்டோம். மறுபடி சுண்ணாம்பு, மறுபடி வெடித்த கை. இடைவெளி விட்டு, நோய் தாங்கும் விதையாக வாங்கி, இந்த வருடம் மூன்றாவது முறையாகச் சோளம் விதைத்தோம். பிரமாதமில்லை. ஆனால் கதிர் நுனிவரை மணி பிடித்திருந்தது. அறுவடை முடிந்து, கடைசித் தட்டையையும் வெளியே சேர்த்துவிட்டு, இருவரும் வாடகை லாரியின் பின்பலகையில் உட்கார்ந்தோம்.

“அடுத்த போகம் எப்ப போடலாம்?” என்றார்.

“ரெண்டு நாள் தூங்க விடுங்க, அப்புறம் கேளுங்க,” என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.